இணைய உலாவிகளின் வேகம்

இணைய உலாவி என்பது இணையப் பக்கங்களை வழங்கிக் கணினிகளிலிருந்து பெற்று, படிக்கத்தக்க வடிவில் திரையில் காட்டும் மென்பொருள். கூகிள் குரோம், மொசில்லா பயர்பாக்ஸ், ஆப்பிள் சபாரி, மைக்ரோசாப்ட் எட்ஜ், ஓப்பெரா, பிரேவ், சோகோ நிறுவனத்தின் உலா ஆகியவை இன்று புழக்கத்தில் உள்ள சில உலாவிகள். இவற்றுள் எது வேகமானது என்று கேட்டால் ஒவ்வொரு நிறுவனமும் தன் உலாவியின் பெயரையே விடையாகச் சொல்லும். உண்மையில், வேகம் என்று ஒரே சொல்லால் குறிக்கப்படுவது பல தனித்தனிக் காத்திருப்புகளின் கூட்டுத்தொகை. ஓர் உலாவி அவற்றுள் ஒன்றைக் குறைத்திருக்கும். மற்றோர் உலாவி வேறொன்றைக் குறைத்திருக்கும். அப்படிக் குறைப்பதற்கு ஈடாகக் கைப்பேசியின் நினைவகத்தையோ, தரவுப் பொதியையோ, சில வேளைகளில் பயனரின் அந்தரங்கத்தையோ அது எடுத்துக்கொள்கிறது.

காத்திருப்புகளின் வரிசை

சங்கரன்கோவிலில் ஒரு மாணவி தன் வீட்டுக் கைப்பேசியில் ஒரு கல்லூரியின் சேர்க்கைப் பக்கத்தைத் திறக்கிறாள் என்று கொள்வோம். அவள் முகவரியைத் தட்டியதும் உலாவி முதலில் அந்தப் பெயருக்குரிய எண் முகவரியைப் பெயர் வழங்கியிடம் கேட்டறிகிறது. பிறகு அந்தக் கணினியோடு தொடர்பு ஏற்படுத்துகிறது. அடுத்து, இடையில் யாரும் ஒட்டுக்கேட்காதபடி குறியாக்கத்திற்கான சாவிகளை இருபுறமும் பரிமாறிக்கொள்கின்றன. இவ்வளவும் முடிந்த பின்னரே "பக்கத்தை அனுப்பு" என்ற கோரிக்கை போகிறது.

பக்கம் வந்து சேர்ந்தாலும் அது உடனே படிக்கும் வடிவில் இருப்பதில்லை. எச்டிஎம்எல் என்ற குறிமொழியில் எழுதப்பட்ட உரையை உலாவி படித்து, தலைப்பு எது, பத்தி எது, படம் எது என்று ஒரு கிளைப்படமாக அமைத்துக்கொள்கிறது. நிறம், எழுத்தளவு, இடைவெளி ஆகியவற்றைச் சொல்லும் சிஎஸ்எஸ் விதிகளை ஒவ்வோர் உறுப்போடும் பொருத்துகிறது. எந்த உறுப்பு திரையில் எங்கே, எவ்வளவு அகலத்தில் அமைய வேண்டும் என்று கணக்கிடுகிறது. கடைசியாக வண்ணம் தீட்டுகிறது. இந்த வேலைகளுக்கு நடுவே ஜாவாஸ்கிரிப்ட் நிரல்கள் வந்து, அமைத்து முடித்ததை மாற்றச் சொன்னால் கணக்கில் ஒரு பகுதியை மறுபடியும் செய்ய வேண்டியிருக்கும்.

இந்த வேலைகளில் பெரும்பகுதி முதன்மை இழை எனப்படும் ஒரே பாதையில்தான் நடக்கிறது. ரதவீதியில் தேர் வரும்போது வேறு எந்த வண்டியும் அந்தத் தெருவில் போக முடியாது. தேர் நிலைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். நீண்ட நேரம் ஓடும் ஒரு நிரல் முதன்மை இழையில் அப்படித்தான் நிற்கிறது. பக்கம் கண்ணுக்கு முழுமையாகத் தெரியும். ஆனால் விரலால் தொட்டால் அசையாது. திரை வினாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படும் கைப்பேசியில் ஒவ்வொரு காட்சிக்கும் உலாவிக்குக் கிடைக்கும் நேரம் ஏறத்தாழ 16.7 மில்லிவினாடி. அதற்குள் வேலை முடியாவிட்டால் திரையை உருட்டும்போது காட்சி திக்கித் திக்கி நகரும்.

பக்கம் வந்து சேரும் வேகம், அது கண்ணுக்குத் தெரியும் வேகம், தொட்டால் பதில் தரும் வேகம் ஆகிய மூன்றும் வேறுவேறு. தேர்வு முடிவு வெளியாகும் காலையில் பக்கம் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருப்பது பெரும்பாலும் முதல் வகை. இலட்சக்கணக்கானோர் ஒரே நேரத்தில் கேட்கும்போது வழங்கியால் பதில் தர முடிவதில்லை. அந்த நேரத்தில் உலாவியை மாற்றிப் பார்ப்பதால் பயனில்லை.

தூரம்

கண்ணாடி இழைக் கம்பிக்குள் ஒளி வினாடிக்கு ஏறத்தாழ 2,00,000 கி.மீ. வேகத்தில் செல்கிறது. சங்கரன்கோவிலிலிருந்து சென்னை ஏறத்தாழ 600 கி.மீ. என்று கொண்டால், போய்த் திரும்ப 6 மில்லிவினாடி போதும். அமெரிக்காவின் கலிபோர்னியா ஏறத்தாழ 14,000 கி.மீ. தொலைவு, போய்த் திரும்பக் குறைந்தது 140 மில்லிவினாடி ஆகும். கம்பிகள் நேர்கோட்டில் செல்வதில்லை என்பதாலும், கைப்பேசிக்கும் கோபுரத்திற்கும் இடையிலான தாமதம் தனியாகச் சேர்வதாலும் உண்மை நேரம் இதைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

இந்தத் தூரத்தை எந்த உலாவியாலும் குறைக்க முடியாது. எத்தனை முறை போய்வர வேண்டும் என்பதைத்தான் குறைக்க முடியும். பழைய முறையில் தொடர்பு ஏற்படுத்த ஒரு சுற்று, சாவி பரிமாற இரண்டு சுற்று, பக்கத்தைக் கேட்டுப் பெற ஒரு சுற்று என்று நான்கு சுற்றுகள் தேவைப்பட்டன. மேற்சொன்ன கணக்கில் கலிபோர்னியாவிலுள்ள வழங்கிக்கு அது 560 மில்லிவினாடி. 2018-இல் வந்த டிஎல்எஸ் 1.3 என்ற குறியாக்க நெறி சாவிப் பரிமாற்றத்தை ஒரே சுற்றாக்கியது. 2022-இல் தரப்படுத்தப்பட்ட எச்டிடிபி/3 நெறி, தொடர்பையும் சாவிப் பரிமாற்றத்தையும் ஒரே சுற்றில் முடித்துவிடுகிறது. எனவே இரண்டு சுற்றுகளில், அதாவது 280 மில்லிவினாடியில், பக்கத்தின் முதல் பகுதி வரத் தொடங்கலாம். உலாவியும் வழங்கியும் இரண்டுமே புதிய நெறியை அறிந்திருந்தால்தான் இது நடக்கும். பழைய உலாவியைப் புதுப்பிக்காமல் வைத்திருப்பவர்கள் வேகத்தை இழக்கும் வழிகளுள் இது ஒன்று.

பெரிய இணையத்தளங்கள் தங்கள் பக்கங்களின் படிகளைச் சென்னை, மும்பை போன்ற நகரங்களிலுள்ள வழங்கிகளில் வைப்பதும் இதே காரணத்திற்காகத்தான்.

சில உலாவிகள் இன்னொரு படி மேலே சென்று ஊகிக்கின்றன. முகவரிப் பட்டையில் இரண்டு மூன்று எழுத்துகளைத் தட்டியதுமே, வழக்கமாகப் பார்க்கும் பக்கம் எது என்று கணித்து, பயனர் முடிப்பதற்கு முன்பே தொடர்பை ஏற்படுத்திவிடுகின்றன. குரோம் சில வேளைகளில் பக்கத்தையே முன்கூட்டி வரவழைத்து மறைவில் வைத்திருக்கும். ஊகம் சரியானால் பக்கம் கண்ணிமைக்கும் நேரத்தில் தோன்றும். தவறினால், பார்க்காத பக்கத்திற்கும் சேர்த்துத் தரவு செலவாகியிருக்கும். நாளொன்றுக்கு இவ்வளவு என்று அளந்து தரப்படும் தரவுப் பொதியில் இது கவனிக்க வேண்டிய செய்தி. இந்த வசதியை அமைப்புகளில் நிறுத்தி வைக்கலாம்.

நிரலை ஓட்டும் பொறி

இந்தியாவில் விஎஸ்என்எல் நிறுவனம் பொதுமக்களுக்கு இணைய இணைப்பை 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியபோது உலகெங்கும் பேசப்பட்ட உலாவி நெட்ஸ்கேப். அதற்கு முந்திய மொசைக் உலாவி படங்கள் வந்து சேரும்வரை பயனரைக் காக்க வைத்தது. 1994-இல் வந்த நெட்ஸ்கேப், உரை வரவர அதைக் காட்டியது. படங்கள் பின்னால் வந்து தத்தம் இடங்களில் அமர்ந்தன. இணைப்பின் வேகம் அதேதான். ஆனால் படிக்கத் தொடங்கும் நேரம் முன்னதாக வந்தது. உலாவி வேகம் பற்றிய முதல் பெரிய பாடம் இது எனலாம்.

1995-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் உருவாக்கிய ஜாவாஸ்கிரிப்ட், தொடக்கத்தில் சிறுசிறு வேலைகளுக்கானது. படிவத்தில் ஒரு கட்டம் நிரப்பப்படவில்லை என்று சுட்டிக்காட்டுவது போன்றவை அவை. அதனால் அதை வரிக்கு வரி படித்து அப்போதைக்கப்போது செய்து காட்டும் முறையே போதுமானதாக இருந்தது. மின்னஞ்சலும் நிலப்படமும் உலாவிக்குள்ளேயே இயங்கத் தொடங்கியபோது அந்த முறை தாக்குப்பிடிக்கவில்லை.

2008 செப்டம்பர் 2 அன்று கூகிள் நிறுவனம் குரோம் உலாவியை வெளியிட்டது. அந்தத் திட்டத்தை முன்னின்று நடத்தியவர்களுள் ஒருவர் மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை. பின்னர் 2015-இல் அவர் கூகிளின் தலைமைச் செயல் அலுவலரானார். குரோமின் வேகத்திற்கு அடிப்படையாக இருந்தது வி8 என்ற ஜாவாஸ்கிரிப்ட் பொறி. டென்மார்க் நாட்டின் ஆர்ஹஸ் நகரில் லார்ஸ் பாக் தலைமையிலான குழு அதை உருவாக்கியது.

வி8 செய்ததை வாய்பாட்டோடு ஒப்பிடலாம். வாய்பாடு தெரியாத குழந்தை ஏழெட்டு எவ்வளவு என்று கேட்டால் ஒவ்வொரு முறையும் ஏழை எட்டு முறை கூட்டிப் பார்க்கும். மனப்பாடம் செய்த குழந்தை உடனே 56 என்று சொல்லும். மனப்பாடம் செய்ய முதலில் நேரம் பிடிக்கும். ஆனால் அதே கணக்கு ஆயிரம் முறை வந்தால் அந்த நேரம் பலமடங்காகத் திரும்பக் கிடைத்துவிடும். வி8 நிரலை வரிக்கு வரி படிப்பதற்குப் பதில், செயலகம் நேரடியாகப் புரிந்துகொள்ளும் பொறிமொழிக்கு அதை உடனுக்குடன் மாற்றியது. அடிக்கடி ஓடும் பகுதிகள் எவை என்று கவனித்து அவற்றை மட்டும் மேலும் செம்மைப்படுத்துவது பிறகு வந்த முன்னேற்றம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஜாவாஸ்கிரிப்டில் ஒரு மாறிக்குள் இப்போது எண் இருக்கும், அடுத்த நொடி எழுத்து இருக்கும். மொழி அதைத் தடுக்காது. எனவே பொறி, "இதுவரை எண்தான் வந்தது, இனியும் எண்தான் வரும்" என்று ஊகித்துப் பொறிமொழியை எழுதுகிறது. ஊகம் தவறினால், எழுதியதைக் கைவிட்டு மீண்டும் மெதுவான முறைக்குத் திரும்புகிறது. நன்றாக ஊகிப்பதும், தவறினால் அதிக இழப்பில்லாமல் திரும்புவதும்தான் பொறிகளுக்கிடையே உள்ள திறமை வேறுபாடு.

2008, 2009 ஆண்டுகளிலேயே பயர்பாக்ஸும் சபாரியும் இதே வகைப் பொறிகளை அமைத்துக்கொண்டன. அதன் பின் நடந்த போட்டியில் மூன்றும் ஒன்றையொன்று முந்தி முந்தி வந்தன. 2017-இல் வி8 தன் முதல் முடிவிலிருந்தே சற்றுப் பின்வாங்கியது என்பது இங்குக் குறிப்பிடத்தக்கது. எல்லா நிரலையும் பொறிமொழியாக்கி வைத்தால் நினைவகம் அதிகம் பிடித்தது. குறைந்த நினைவகமுள்ள ஆண்ட்ராய்டு கைப்பேசிகளுக்கு அது ஒத்துவரவில்லை. எனவே வரிக்கு வரி படிக்கும் முறையை இக்னிஷன் என்ற பெயரில் திருந்திய வடிவில் மீண்டும் கொண்டுவந்து, அடிக்கடி ஓடும் பகுதிகளை மட்டும் டர்போபேன் என்ற செம்மையாக்கியிடம் ஒப்படைத்தது. விலை உயர்ந்த கணினியில் வேகமாக இருப்பது, வீட்டில் நால்வர் பகிரும் கைப்பேசியிலும் வேகமாக இருக்கும் என்பதற்கு உறுதியில்லை.

பொறி ஒன்று, பெயர் பல

இன்றுள்ள பெரும்பாலான உலாவிகள் உள்ளுக்குள் ஒன்றே. கூகிள் தன் உலாவியின் மூலநிரலைக் குரோமியம் என்ற பெயரில் திறந்த நிரலாக வெளியிட்டுள்ளது. 2013-இல் ஓப்பெரா தன் சொந்தப் பொறியைக் கைவிட்டு அதற்கு மாறியது. 2020 ஜனவரியில் மைக்ரோசாப்ட் எட்ஜும் மாறியது. பிரேவ், சாம்சங் இண்டர்நெட் ஆகியவையும் அதன் மீது கட்டப்பட்டவையே. தனிப் பொறியை வைத்திருக்கும் பெரிய உலாவிகள் வெப்கிட் பொறியில் இயங்கும் சபாரியும், கெக்கோ பொறியில் இயங்கும் பயர்பாக்ஸும் மட்டுமே. இந்தியாவில் விற்கும் ஐபோனில் எந்த உலாவியை நிறுவினாலும் உள்ளே ஓடுவது வெப்கிட்தான். அங்குக் குரோமையும் பயர்பாக்ஸையும் ஒப்பிட்டு எந்தப் பொறி வேகமானது என்று வாதிடுவதில் பொருளில்லை.

சங்கரன்கோவில் அமைந்துள்ள தென்காசி மாவட்டத்திலேயே, மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கும் சோகோ நிறுவனம், 2023 மே மாதம் உலா என்ற உலாவியை வெளியிட்டது. உலாவி என்ற தமிழ்க் கலைச்சொல்லுக்கும் இந்தப் பெயருக்கும் வேர் ஒன்றே. உலா என்பது சிற்றிலக்கிய வகைகளுள் ஒன்றின் பெயரும்கூட. இந்திய அரசின் மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் நடத்திய இந்திய இணைய உலாவி உருவாக்கப் போட்டியின் முடிவுகள் 2025 மார்ச்சில் அறிவிக்கப்பட்டபோது சோகோ முதலிடம் பெற்றது. பரிசுத் தொகை ஒரு கோடி ரூபாய்.

உலாவும் குரோமியத்தின் மீது கட்டப்பட்டதே. அப்படியானால் குரோமுக்கும் உலாவுக்கும் வேகத்தில் வேறுபாடு எங்கிருந்து வரும்? நிரலை ஓட்டும் வேகத்தில் பெரிய வேறுபாடு இருக்க வழியில்லை. ஓட்டாமல் விடும் நிரல்களில்தான் வேறுபாடு இருக்கிறது. செய்திப் பக்கம் ஒன்றைத் திறந்தால் செய்தியோடு விளம்பரங்களும், பார்வையாளர் யார், எந்தப் பக்கத்திலிருந்து வந்தார், எவ்வளவு நேரம் இருந்தார் என்று குறித்துக்கொள்ளும் தடமறி நிரல்களும் சேர்ந்து வருகின்றன. ஒவ்வொன்றும் தனித்தனி வழங்கியிலிருந்து வரலாம். ஒவ்வொன்றுக்கும் மேலே சொன்ன பெயர் விசாரிப்பு, தொடர்பு, சாவிப் பரிமாற்றம் எல்லாம் உண்டு. வந்த பின் அவை முதன்மை இழையில் ஓடவும் வேண்டும். உலா, பிரேவ் போன்றவை இவற்றுள் பலவற்றை வாசலிலேயே தடுத்துவிடுகின்றன. தடுக்கப்பட்ட நிரலுக்குப் பதிவிறக்க நேரமும் இல்லை, ஓடும் நேரமும் இல்லை, தரவுச் செலவும் இல்லை. விளம்பரம் மிகுந்த பக்கத்தில் வேகம் கூடியது கண்ணுக்கே தெரியும். விளம்பரமே இல்லாத பக்கத்தில் வேறுபாடு ஏறக்குறைய இருக்காது.

குரோம் ஏன் இதைத் தானாகவே செய்வதில்லை என்று மாணவர்கள் கேட்பதுண்டு. கூகிளின் வருவாயில் பெரும்பகுதி விளம்பரத்திலிருந்து வருகிறது என்பதே போதுமான விடை. தொல்லை தரும் சில வகை விளம்பரங்களை மட்டும் அது தடுக்கிறது. கணினியில் நீட்சிகளைச் சேர்த்துத் தடுக்கலாம். ஆண்ட்ராய்டுக் கைப்பேசியில் குரோம் நீட்சிகளை ஏற்பதில்லை, பயர்பாக்ஸ் ஏற்கிறது. மறுபுறம், சிறிய தமிழ் இதழ்களும் தளங்களும் விளம்பர வருவாயை நம்பியே இயங்குகின்றன என்பதையும் மறப்பதற்கில்லை. தடுப்பானைப் பயன்படுத்துவோர், தாம் விரும்பிப் படிக்கும் தளத்திற்கு மட்டும் விலக்கு அளிக்கும் வசதி பெரும்பாலான தடுப்பான்களில் உண்டு.

வேகத்திற்கு விலையாக அந்தரங்கம்

விரைவான கைப்பேசி இணைப்பு எங்கும் பரவுவதற்கு முன் இந்தியாவில் வேறொரு வகை வேகம் புகழ்பெற்றிருந்தது. 2005-இல் தோன்றிய ஓப்பெரா மினி, பக்கத்தைக் கைப்பேசியில் கட்டமைக்கவே இல்லை. பயனரின் கோரிக்கை ஓப்பெராவின் வழங்கிக்குச் சென்றது. அந்த வழங்கி பக்கத்தைப் பெற்று, அமைத்து, படங்களைச் சுருக்கி, சின்னஞ்சிறு கட்டாகக் கைப்பேசிக்கு அனுப்பியது. பொத்தான் வைத்த சிறிய கைப்பேசிகளிலும், ஊர்ந்து செல்லும் இணைப்பிலும் இணையத்தைப் பார்க்க முடிந்தது இதனால்தான். யூசி பிரவுசரும் இதே சுருக்கும் முறையால் பரவி, ஒரு காலத்தில் இந்தியக் கைப்பேசிகளில் மிக அதிகமாகப் பயன்பட்ட உலாவிகளுள் ஒன்றாக இருந்தது.

இதன் விலை என்ன? பயனருக்கும் தளத்திற்கும் நடுவே மூன்றாவது ஒருவர் உட்கார்ந்துவிடுகிறார். முழுச் சுருக்க முறையில், குறியாக்கம் நடுவிலுள்ள வழங்கியில் பிரிக்கப்பட்டு, பக்கம் அங்கே படிக்கப்பட்ட பிறகே கைப்பேசிக்கு வருகிறது. ஊர் அஞ்சல் முழுவதையும் ஒருவர் பிரித்துப் படித்து, சுருக்கி எழுதிக் கொடுப்பது போன்றது இது. செய்தி படிப்பதற்கு இதனால் கேடில்லை. வங்கிக் கணக்கைத் திறப்பதற்கு இது ஏற்றதன்று. யூசி பிரவுசரின் ஆண்ட்ராய்டுப் பதிப்பு பயனரின் தேடல்களையும் இருப்பிடத்தையும் போதிய குறியாக்கமின்றி அனுப்புவதை 2015-இல் டொராண்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேப் ஆய்வுக்குழு வெளிப்படுத்தியது. 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு தடைசெய்த 59 செயலிகளுள் யூசி பிரவுசரும் ஒன்று. குரோமிலும் ஆண்ட்ராய்டுக்கெனத் தரவைச் சுருக்கும் முறை ஒன்று இருந்தது. தேவை குறைந்ததால் 2022-இல் அது நீக்கப்பட்டது. "மிக வேகமான உலாவி" என்று புதிதாக ஒன்றைப் பார்க்கும்போது, பக்கம் எங்கே கட்டமைக்கப்படுகிறது என்று முதலில் விசாரிப்பது நல்லது.

தமிழ்ப் பக்கங்களும் வேகமும்

தமிழ்ப் பக்கங்கள் ஆங்கிலப் பக்கங்களைவிட மெதுவாகத் திறக்கும் என்ற எண்ணம் பலரிடம் உண்டு. இதில் ஒரு பகுதி உண்மை. ஆங்கிலத்தில் சங்கரன்கோவில் என்ற பெயரை 13 எழுத்துகளில் எழுதுவார்கள். அது 13 பைட்டு. தமிழில் நம் கணக்கில் அது ச, ங், க, ர, ன், கோ, வி, ல் என்று எட்டு எழுத்து. ஆனால் ஒருங்குறியில் புள்ளியும் ஓகாரக் குறியும் இகரக் குறியும் தனித்தனியே எண்ணப்படுவதால் அங்கும் 13 குறியீடுகள். யுடிஎப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட்டு பிடிக்கும். ஆக, 39 பைட்டு. சரியாக மூன்று மடங்கு.

பக்கம் அனுப்பப்படும்போது இந்த வேறுபாடு பெருமளவு கரைந்துவிடுகிறது. மூன்று பைட்டில் முதலாவது எல்லாத் தமிழ்க் குறியீடுகளுக்கும் ஒன்றே; இரண்டாவதற்கு இரண்டே மதிப்புகள்தான் உண்டு. திரும்பத் திரும்ப வருவதைச் சுருக்குவதே ஜிசிப், பிராட்லி போன்ற சுருக்க முறைகளின் வேலை என்பதால், தமிழ் உரை நன்றாகவே சுருங்குகிறது. வழங்கியில் சுருக்கம் இயக்கப்பட்டிருக்க வேண்டும். அது உலாவியின் கையில் இல்லை.

எழுத்தைத் திரையில் அமைப்பதிலும் தமிழுக்குக் கூடுதல் வேலை உண்டு. கோ என்பதில் ககரத்திற்குப் பின் ஒரே குறியீடாக வரும் ஓகாரக் குறியை உலாவி இரண்டாகப் பிரித்து, இரட்டைக்கொம்பை ககரத்திற்கு முன்னும் காலைப் பின்னும் வைக்க வேண்டும். குரோமும் பயர்பாக்ஸும் இதற்கு ஹார்ஃப்பஸ் என்ற திறந்த நிரல் தொகுப்பைப் பயன்படுத்துகின்றன. ஒருமுறை அமைத்த சொல்லை நினைவில் வைத்துக்கொண்டு, அது மீண்டும் வரும்போது அப்படியே எடுத்தாள்கின்றன. வேற்றுமை உருபும் விகுதியும் ஒட்டிக்கொண்டு சொல் வடிவம் மாறிக்கொண்டே இருக்கும் தமிழில் இந்தச் சேமிப்பு ஆங்கிலத்தின் அளவு பயன்படாமல் போகலாம். ஆயினும் ஒரு புகைப்படத்தை விரித்துக் காட்டும் வேலையோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறியது. தமிழின் மீது பழி போடுவதற்கு இங்கே இடமில்லை.

உண்மையான தாமதம் எழுத்துருவில் இருக்கிறது. ஒருங்குறிக்கு முந்திய 1990-களின் பிற்பகுதியில் ஒவ்வொரு தமிழ்ச் செய்தித்தளமும் தனக்கென ஓர் எழுத்துருக் குறியாக்கத்தை வைத்திருந்தது. அந்த எழுத்துரு வந்து சேரும்வரை பக்கம் புரியாத குறிகளாகத் தெரியும். நெட்ஸ்கேப்புக்கு ஒரு வகை எழுத்துருக் கோப்பும், இண்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கு வேறு வகைக் கோப்பும் தேவைப்பட்டன. அதனால் ஒன்றில் படிக்க முடிந்த பக்கம் மற்றொன்றில் படிக்க முடியாமலும் போனது. இன்று கைப்பேசியிலேயே தமிழ் எழுத்துரு இருக்கிறது. இருந்தும் அழகுக்காகத் தனி எழுத்துருவை வரவழைக்கும் தளங்கள் பல. அது வரும்வரை குரோமும் பயர்பாக்ஸும் 3 வினாடிவரை அந்த இடத்தை வெற்றாகவே விட்டுவைக்கும். அதன் பிறகே கைப்பேசியிலுள்ள எழுத்துருவில் காட்டும். காத்திருக்காமல் உடனே காட்டும்படி தளத்தை அமைப்பவர் ஒரே வரியில் சொல்லிவிடலாம். சொல்லாமல் விடுவதால் எத்தனையோ வாசகர்கள் வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஒரு தளத்திற்காக வந்த எழுத்துரு இன்னொரு தளத்திற்கும் உதவும் நிலையும் இப்போது இல்லை. ஒரு தளம், பயனர் வேறெங்கு சென்றார் என்று சேமிப்பைச் சோதித்து அறிய முடிந்ததால், 2020-இல் குரோம் தன் தற்காலிகச் சேமிப்பைத் தளவாரியாகப் பிரித்துவிட்டது. சபாரி அதற்கும் முன்பே பிரித்திருந்தது. வேகத்தைச் சற்றே விட்டு அந்தரங்கத்தைப் பெற்றதற்கு இது எடுத்துக்காட்டு.

நினைவகம்

குறைந்த விலைக் கைப்பேசியில் உலாவி மெதுவாக இருப்பதாகத் தோன்றுவதற்குப் பெரும்பாலும் காரணம் நினைவகப் பற்றாக்குறை. குரோம் தொடக்கத்திலிருந்தே ஒவ்வொரு தாவலையும் தனிச் செயலாக ஓட்டியது. ஒரு தாவல் செயலிழந்தாலும் மற்றவை பிழைக்கும். 2018 ஜனவரியில் ஸ்பெக்டர் என்ற செயலகக் குறைபாடு வெளியான பிறகு, ஒரு தளத்தின் செய்தியை இன்னொரு தளம் திருடாதபடி ஒரே பக்கத்திற்குள் வரும் வெவ்வேறு தளங்களையும் தனித்தனிச் செயலாக்கியது. இதற்குக் கூடுதல் நினைவகம் வேண்டும் என்பதால், ஆண்ட்ராய்டில் இந்தப் பாதுகாப்பைக் கடவுச்சொல் கொடுத்து நுழையும் தளங்களுக்கும், 2 ஜிபி அல்லது அதற்கு மேல் நினைவகமுள்ள கைப்பேசிகளுக்கும் என்று தொடக்கத்தில் வரையறுத்தது. பாதுகாப்பும்கூடக் கைப்பேசியின் விலையைப் பொறுத்து மாறுகிறது என்பது கசப்பான செய்தி.

நினைவகம் போதாதபோது கைப்பேசி, பார்க்காத தாவல்களை வெளியேற்றிவிடும். விண்ணப்பப் படிவத்தைப் பாதி நிரப்பிவிட்டு, மதிப்பெண் சான்றிதழின் படத்தைத் தேட வேறு செயலிக்குச் சென்று திரும்பினால் படிவம் முதலிலிருந்து திறப்பது இதனால்தான். இது இணைப்பின் குறையன்று. அந்த வேளையில் மற்றத் தாவல்களையும் செயலிகளையும் மூடிவிட்டு, தேவையான கோப்புகளை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொண்டு படிவத்தைத் தொடங்குவது எந்த உலாவி மாற்றத்தையும்விடப் பயன் தரும்.

பின்செல்லும் பொத்தானின் வேகமும் நினைவகத்தைச் சார்ந்ததே. விட்டுச் சென்ற பக்கத்தை உறைய வைத்துச் சேமித்து, திரும்பும்போது அப்படியே காட்டும் முறையை பயர்பாக்ஸ் 2005-இலேயே கொண்டுவந்தது. குரோமில் அது ஆண்ட்ராய்டுக்கு 2020-இலும் கணினிக்கு 2021-இலும்தான் வந்தது.

அளந்து பார்த்தல்

உலாவிகளை ஒப்பிடப் பல சோதனைத் தொகுப்புகள் உள்ளன. 2007-இல் வந்த சன்ஸ்பைடர் ஜாவாஸ்கிரிப்ட் வேகத்தை மட்டும் அளந்தது. கூகிளின் ஆக்டேன் என்ற சோதனையை 2017-இல் கூகிளே ஓய்வுபெறச் செய்தது. அந்தச் சோதனையில் அதிக மதிப்பெண் பெறுவதற்கென்றே பொறிகளைத் திருத்தினார்கள். உண்மையான பக்கங்கள் அதனால் வேகமாகவில்லை. தேர்வுக்கு வரும் வினாக்களை மட்டும் படித்துத் தேறும் மாணவரின் கதைதான். 2024 மார்ச்சில் வெளியான ஸ்பீடோமீட்டர் 3.0 சோதனையை ஆப்பிள், கூகிள், மொசில்லா, மைக்ரோசாப்ட் ஆகிய நான்கும் சேர்ந்து வடிவமைத்தன. பட்டியலில் புதிய வரி சேர்ப்பது, உரையைத் திருத்துவது போன்ற அன்றாடச் செயல்களை அது செய்து பார்த்து அளக்கிறது. இணைப்பின் வேகத்தையும் விளம்பரத் தடுப்பையும் அது அளப்பதில்லை.

எனவே தனக்கு ஏற்ற உலாவி எது என்பதை அவரவர் கைப்பேசியில்தான் அளக்க முடியும். அடிக்கடி பார்க்கும் மூன்று நான்கு பக்கங்களைத் தேர்ந்துகொள்ள வேண்டும். ஒரே கைப்பேசி, ஒரே இணைப்பு; மின்கலச் சிக்கன முறை நிறுத்தப்பட்டிருக்க வேண்டும்; மற்றச் செயலிகள் மூடியிருக்க வேண்டும். முதல் உலாவியில் ஐந்து முறை திறந்துவிட்டு இரண்டாவதில் ஐந்து முறை திறப்பது தவறு; இடையில் இணைப்பின் வேகம் மாறியிருக்கலாம், அல்லது கைப்பேசி சூடேறியிருக்கலாம். சூடேறினால் செயலகம் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இரண்டையும் மாறி மாறித் திறக்க வேண்டும். முதன்முறை திறப்பதையும், சேமிப்பிலிருந்து எடுத்துக்கொள்ளும் இரண்டாம் முறையையும் ஒன்றாகக் கலக்காமல் தனித்தனிப் பட்டியலாக எழுத வேண்டும். நேரத்தை எப்போது நிறுத்துவது என்பதையும் முன்னரே முடிவு செய்துகொள்ள வேண்டும்: முதல் பத்தியைப் படிக்க முடிந்தபோதா, ஒரு பொத்தானைத் தொட்டு அது பதில் தந்தபோதா? ஐந்து அளவுகளையும் ஏறுவரிசையில் எழுதி நடுவில் உள்ளதை, அதாவது இடைநிலை அளவை, எடுத்துக்கொள்வது சராசரியைவிட நல்லது. ஒரே ஒரு முறை இணைப்பு திணறியிருந்தாலும் சராசரி ஏறிவிடும். இடைநிலை அளவு அவ்வளவாக அசையாது. கைக்கடிகாரத்தைக் கொண்டு அளக்கும்போது கால் வினாடிக்குக் குறைவான வேறுபாடு தெரிந்தால், இரண்டு உலாவிகளும் சமம் என்றே எழுதிக்கொள்ளலாம். விரல் பொத்தானை அழுத்தும் பிழையே அந்த அளவு இருக்கும்.